ஆர்டிஎக்ஸ் 3090-க்கு வாட்டர் பிளாக் மாட்ட வேண்டும், கார்டைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது

ரெண்டர்_நொய்யல்:

வணக்கம் நண்பர்களே, கோவையில் இருந்து எழுதுகிறேன். வீடு, கடைகளுக்கான உள்வடிவமைப்புப் படங்களை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்து கொடுப்பது என் தொழில். அதற்காக 2 வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். 24 ஜிபி மெமரி இல்லாமல் என் சீன்கள் ஓடாது, அதனால் வேறு கார்டுக்கு மாறும் எண்ணமும் இல்லை, வசதியும் இல்லை.

பிரச்சினை சூடுதான். ரெண்டர் ஓடும்போது கோர் (கார்டின் முதன்மைச் சில்லு) 74 டிகிரியில் நிற்கிறது, அது பரவாயில்லை. ஆனால் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி ஜங்ஷன் (மெமரி சில்லுகளின் உள்சூடு) என்ற வரியைப் பார்த்தால் 106, 108 என்று காட்டுகிறது, மதிய நேரத்தில் 110-ஐத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் குழந்தை தூங்க முடியவில்லை.

கடைசியில் துணிந்து என் கார்டு மாடலுக்கான செம்பு வாட்டர் பிளாக் (கூலருக்குப் பதிலாக, உள்ளே நீர் ஓடிச் சூட்டை எடுக்கும் தகடு) ஒன்றை வாங்கிவிட்டேன். 360 மி.மீ. ரேடியேட்டர், டி5 ரகப் பம்ப், ரிசர்வாயர் (நீர்த் தொட்டி), மெல்லிய டியூப், ஃபிட்டிங்குகள் எல்லாம் தனித்தனியாக ஆன்லைனில் எடுத்தேன். சிபியூவுக்கு ஏற்கெனவே தனி ஏஐஓ (எல்லாம் சேர்ந்தே வரும் நீர்க் கூலர்) இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. கார்டுக்கு மட்டும் தனி லூப் (நீர் சுற்றும் பாதை).

பொருள் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி. சிபியூ கூலர் மாட்டியிருக்கிறேன், ஆனால் கார்டைப் பிரித்ததே இல்லை. இந்தக் கார்டு போனால் என் மாத வருமானமே போய்விடும். எங்கே தப்பு நடக்கும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நீர் கசிந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

செம்புத்தகடு:

நண்பரே, கசிவைப் பற்றி அப்புறம் பேசுவோம். நான் இதுவரை பிளாக் மாட்டிய கார்டுகளில் கசிவால் எதுவும் போகவில்லை, பிரிக்கும்போதும் மாட்டும்போதும் கை அவசரப்பட்டால்தான் போகும். அதற்கு முன் உங்களிடம் இரண்டு கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

முதல் கேள்வி, பிளாக்கோடு பேக்பிளேட் (கார்டின் பின்பக்கத் தகடு) வாங்கினீர்களா? 3090-ல் மெமரி சில்லுகள் மொத்தம் 24, அதில் 12 முன்பக்கம், 12 பின்பக்கம். இதற்கு அப்புறம் வந்த 3090 டிஐ-யில் ஒவ்வொரு சில்லும் 2 ஜிபி ஆனதால் எல்லாமே முன்பக்கம் வந்துவிட்டது, ஆனால் உங்கள் கார்டில் பாதி பின்னால்தான் இருக்கிறது. உங்களுக்கு 108 காட்டுவது பெரும்பாலும் அந்தப் பின்பக்கச் சில்லுகளாகத்தான் இருக்கும். வாட்டர் பிளாக் முன்பக்கத்தை மட்டும்தான் தொடும். அதை மாட்டி, பழைய ஃபேன்களையும் கழற்றிவிட்டால் பின்னால் முன்பு கிடைத்த கொஞ்சக் காற்றும் நின்றுபோகும், கோர் 50-ல் இருக்கும்போது மெமரி இன்னும் 100-ல் இருக்கும். பிளாக்குக்குப் பொருந்துகிற பேக்பிளேட், அதற்கான தெர்மல் பேட் (சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் மெத்தை), பேக்பிளேட் மேல் காற்றடிக்க ஒரு சின்ன ஃபேன், இந்த மூன்றும் இருந்தால்தான் நீங்கள் தேடும் பலன் கிடைக்கும். பழைய பேக்பிளேட் புது பிளாக்கோடு சேராமல் போக வாய்ப்பு உண்டு, ஸ்க்ரூ நீளமும் துளையும் மாறும்.

இரண்டாவது கேள்வி, அந்த 360 ரேடியேட்டர் என்ன உலோகம்? செம்பா, அலுமினியமா?

ரெண்டர்_நொய்யல்:

பேக்பிளேட் வாங்கவில்லை அண்ணா, பின்பக்கமும் மெமரி இருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ரேடியேட்டர் பெட்டியில் அலுமினியம் என்று போட்டிருக்கிறது. விலை குறைவாக இருந்ததால் எடுத்தேன். அது தப்பா?

செம்புத்தகடு:

தப்புதான், ஆனால் இன்னும் மாட்டவில்லையே, அதனால் நஷ்டம் எதுவும் ஆகிவிடவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அந்த நீர் வழியாக இரண்டுக்கும் இடையே ஒரு பேட்டரி போல மின்வேதி வினை நடக்கும், அதில் அலுமினியம் அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். அரிப்பு தடுக்கும் மருந்து கலந்தாலும் அது தள்ளிப்போடும், நிறுத்தாது. சில மாதத்தில் பிளாக்கின் மெல்லிய துடுப்புகளுக்குள் வெள்ளைக் கசடு சேரும், ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர்தான் வேண்டும். பிளாக்கில் நிக்கல் பூச்சு இருந்தால் அது செம்போடு ஒத்துப்போகும், அதில் கவலை இல்லை.

இனி பிரிக்கிற வேலைக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாரண்டி ஏதாவது மிச்சம் இருந்தால் அந்த விதிமுறையைப் படித்துவிடுங்கள். அப்புறம், பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் ரெண்டர் ஓடவிட்டுக் கார்டைச் சூடாக்குங்கள், கோர் மேல் உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பின்னால் உள்ள பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுக் கார்டை எடுங்கள்.

மேசையில் பிளாஸ்டிக் விரிப்போ கம்பளியோ போடாதீர்கள், கார்டு வந்த ஆண்டிஸ்டேட்டிக் பையும் அட்டைப் பெட்டியும் போதும். ஒரு பழைய தெர்மாகோல் துண்டை எடுத்து, அதில் கார்டின் பின்பக்கத்தைப் பேனாவால் தோராயமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், ஒரே கார்டில் மூன்று நான்கு நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும், நாளைக்குப் பழைய கூலரையே திரும்ப மாட்ட வேண்டி வந்தால் எது எங்கே என்று தேடி நிற்பீர்கள்.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் கூலர் வராது. அப்போதுதான் பலரும் ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்புவார்கள். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். போர்டு ஓரங்களில் அரிசிமணியை விடச் சின்னதாக இருக்கும் பாகங்கள் ஒரே கீறலில் பெயர்ந்து வந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகுவது போல அசையுங்கள், பேஸ்ட் விடும். வராவிட்டால் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள், மறுபடி எண்ணிப் பாருங்கள். விட்டதும் சட்டென்று தூக்கிவிடக் கூடாது, ஏனென்றால் ஃபேன் வயரும் விளக்கு வயரும் போர்டோடு இணைந்தே இருக்கும். புத்தகம் திறப்பது போல ஒரு பக்கமாகச் சாய்த்து, வயரை இழுக்காமல் கனெக்டரின் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துக் கழற்றுங்கள்.

அடுத்து சுத்தம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். கை சானிடைசரை எடுக்காதீர்கள், அதில் கிளிசரின் கலந்திருக்கும். நடுவில் கண்ணாடி போல மின்னுகிறதே, அதுதான் கோரின் சிலிக்கான். சிபியூவுக்கு இருப்பது போல அதன் மேல் உலோக மூடி கிடையாது. அதனால் அதை நகத்தாலோ பிளேடாலோ சுரண்ட வேண்டாம், ஆல்கஹாலில் நனைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தாலே போகும்.

வைகைக்கரை:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் தெர்மல் பேட் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் 3080-ஐ நான் கிட்டத்தட்ட இழந்தது அதில்தான்.

பிளாக்கோடு வந்த பேட் போதவில்லை, வீட்டில் இருந்த 1.5 மி.மீ. பேடை வெட்டி மெமரி மேல் வைத்தேன். கையேட்டில் 1 மி.மீ. என்று தெளிவாகப் போட்டிருந்தது, அரை மில்லிதானே, அழுத்தினால் அமுங்கிவிடும் என்று நினைத்தேன். அமுங்கவில்லை. கடினமான ரகம். அந்த அரை மில்லி பிளாக்கை மேலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டது, கோருக்கும் செம்புக்கும் நடுவில் இடைவெளி. கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு சின்ன டெஸ்ட் ஓட்டினேன், அரை நிமிடத்தில் கோர் 90-ஐத் தாண்டியது, ஹாட்ஸ்பாட் (கோரிலேயே அதிகம் சூடான புள்ளி) 105. உடனே அணைத்ததால் தப்பியது.

இதைவிட மோசம் என்னவென்றால், ஒரு பக்கம் தடித்த பேட் இருந்து மறு பக்கம் ஸ்க்ரூவை முறுக்கினால் மூடியில்லாத அந்தச் சிலிக்கானின் ஒரு மூலையில் மட்டும் முழு அழுத்தமும் விழும். மூலை உடைந்தால் கார்டு அவ்வளவுதான், யாராலும் சரி செய்ய முடியாது. அதனால் கையேட்டில் எந்த இடத்துக்கு எத்தனை மி.மீ. என்று போட்டிருக்கிறதோ அதையே வையுங்கள். மெமரிக்கு ஒன்று, விஆர்எம் (மின்னழுத்தத்தைச் சீராக்கும்) பகுதிக்கு ஒன்று, பேக்பிளேட்டுக்கு இன்னொன்று என்று மாறும். பேடின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், இரண்டையும் உரிக்க வேண்டும், ஒரு பக்கத்தை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேஸ்டைச் சிபியூவுக்கு வைப்பது போல ஒரு பொட்டு வைத்துவிட்டு விடாதீர்கள். மூடி இல்லாததால் பேஸ்ட் படாத இடம் நேரடியாகச் சூடாகும். ஸ்பாட்டுலாவால் சிலிக்கான் முழுவதும் மெல்லியதாகத் தடவிவிடுங்கள்.

மாட்டும்போது பிளாக்கைத் தலைகீழாக மேசையில் வைத்து, கார்டை அதன் மேல் துளை பார்த்து இறக்குங்கள். கோரைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூவை முதலில் நுனி பிடிக்கும் வரை மட்டும் போடுங்கள். அப்புறம் எதிரெதிர் மூலையாக ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று. கார் டயர் நட்டு போடுகிற மாதிரி. டிரைவரை மூன்று விரலால் பிடித்தால் போதும், உள்ளங்கையால் பிடித்தால் பலம் அதிகமாகிவிடும். நின்றதும் நிறுத்துங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. மாட்டி முடித்ததும் சந்தோஷப்பட்டு விடாமல், மறுபடி கழற்றுங்கள். ஆமாம், உடனே. பிளாக்கில் பேஸ்ட் முழுச் சதுரமாக மெல்லியதாகப் பரவியிருக்கிறதா, ஒவ்வொரு பேடிலும் சில்லின் தடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் பேஸ்டைத் துடைத்து, புதிதாகத் தடவி, கடைசியாக ஒரு முறை மாட்டுங்கள். ஒரு பேடில் தடமே இல்லை என்றால் அந்த மெமரிக்குச் சூடு போக வழியே இல்லை. இந்த இருபது நிமிட வேலையை நான் முதலிலேயே செய்திருந்தால் அன்று அந்த 105-ஐப் பார்த்திருக்க மாட்டேன்.

பனிக்காலம்:

டொராண்டோவில் இருந்து. ஸ்டேட்டிக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அவ்வளவு வறண்டுபோகும், கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்று அடிக்கும், அந்தக் கையோடு போர்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோவையில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஏசி போட்டு மூடிய அறையில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். கையில் எர்த்திங் பட்டை கட்டினால் நல்லது, இல்லாவிட்டால் அடிக்கடி கேஸின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கசிவுக்கு வருகிறேன். கசிவு பெரும்பாலும் பிளாக்கின் நடுவில் வராது, இணைப்புகளில்தான் வரும். உங்கள் பிளாக்கில் நான்கு துளை இருக்கும், இரண்டில்தான் டியூப் போகும், மற்ற இரண்டையும் பிளக் போட்டு அடைக்க வேண்டும். எனக்குக் கசிந்தது அந்தப் பிளக்கில்தான். பெட்டியில் இருந்து வரும்போதே மாட்டியிருந்தது, தொழிற்சாலையில் போட்டதுதானே என்று தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அது பாதி மரையில்தான் நின்றிருந்தது. சொட்டுச் சொட்டாக மதர்போர்டு மேல் விழுந்தது. அப்போது பம்ப்புக்கு மட்டும்தான் மின்சாரம் கொடுத்திருந்தேன், மதர்போர்டும் கார்டும் செத்த நிலையில் இருந்தன. துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் ஃபேன் அடியில் காயவிட்டேன். இன்றுவரை ஓடுகிறது.

அதனால் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் பிளக்கையும் நீங்களே கழற்றி, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பானர் வேண்டாம். இறுக்கம் ஓ-ரிங்கால்தான் கிடைக்கிறது, மரையால் இல்லை. பிளாக்கின் மேல்பாகம் அக்ரிலிக்காக இருந்தால் அதிகம் முறுக்கினால் விரிசல் விடும். கார்டை ஸ்லாட்டில் மாட்டிய பிறகு ஃபிட்டிங்கை முறுக்காதீர்கள், அந்த முறுக்கு ஸ்லாட்டில் போய் விழும். மேசையிலேயே முடித்துவிடுங்கள்.

நீர் ஊற்றுவதற்கு முன் காற்று வைத்துச் சோதியுங்கள். கேஜ் வைத்த சின்னக் கைப்பம்ப் இதற்கென்றே கிடைக்கிறது. 0.5 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள், முள் அசையாமல் நிற்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம், அந்த அழுத்தத்தில் ரிசர்வாயரே தெறித்துவிடும்.

முள் நின்றால் அப்புறம் நீர். 24 பின் கேபிளை மதர்போர்டில் இருந்து கழற்றி, அதில் ஜம்பர் பிளக் போட்டால் பவர் சப்ளை தனியாக ஓடும். சிபியூவுக்கும் கார்டுக்கும் போகும் பவர் கேபிள்களையும் கழற்றிவிட்டு, பம்ப்பை மட்டும் இணையுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, சில நொடி ஓடவிட்டு, அது காலியாவதற்குள் நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். பம்ப் நீரில்லாமல் ஓடக் கூடாது, அதன் பேரிங்குக்கு அந்த நீர்தான் எண்ணெய். எல்லா இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் பேப்பர் காய்ந்திருந்தால்தான் மற்ற கேபிள்களை மாட்ட வேண்டும். தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று சொல்லி இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. லூப்புக்குள் சில வாரம் ஓடிய நீர் தூய நீராக இருக்காது, உலோகத்தில் இருந்து அயனிகளை எடுத்துக்கொண்டிருக்கும்.

ரெண்டர்_நொய்யல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரேடியேட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன், செம்பு ஒன்றும் பேக்பிளேட்டும் ஆர்டர் போட்டாயிற்று. ஒரு சந்தேகம், கூலன்ட் இங்கே விலை அதிகம். வீட்டு ஆர்ஓ நீர் ஊற்றலாமா? இல்லை, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்?

செம்புத்தகடு:

ஆர்ஓ வேண்டாம், அதில் உப்பு மிச்சம் இருக்கும், சிலர் வீட்டு மெஷின் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கவும் செய்யும். பேட்டரிக் கடை நீர் ஊற்றலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கை. அதே கடையில் பேட்டரி ஆசிடும் கேனில்தான் விற்பார்கள், லேபிளைப் படித்து, சீல் உடையாததை வாங்குங்கள். இரண்டாவது, வெறும் நீரை மட்டும் விட்டால் பாசி பிடிக்கும், அதனால் லூப்புக்கென்று விற்கும் பாசி தடுப்பும் அரிப்புத் தடுப்பும் கலந்த கான்சன்ட்ரேட்டை அளவு பார்த்துச் சேருங்கள். ரெடிமேட் கூலன்டைவிட இது மலிவு. வண்ணத் துகள் கலந்த, பால் மாதிரி இருக்கும் கூலன்ட் வேலைக்கார கம்ப்யூட்டருக்கு வேண்டவே வேண்டாம், துடுப்புகளில் படிந்து அடைத்துவிடும்.

புது ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், உள்ளே பற்றவைத்த கசடு கறுப்பாக வரும். தெளிவாக வரும்வரை செய்யுங்கள்.

ரெண்டர்_நொய்யல்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மாட்டியாயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதற்கே போனது. தெர்மாகோல் யோசனைக்குத் தனி நன்றி, 27 ஸ்க்ரூ இருந்தன.

வைகைக்கரை சொன்னபடி மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். கோரில் தடம் அழகாக இருந்தது, ஆனால் பேக்பிளேட் பக்கம் இரண்டு மெமரி பேடில் தடமே இல்லை. பேக்பிளேட்டின் நடு ஸ்க்ரூ ஒன்று முழுதாக இறங்காமல் நின்றிருக்கிறது. சரிசெய்து மறுபடி மாட்டினேன். கழற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. காற்றுச் சோதனையில் முதல் முறை முள் இறங்கியது, ரிசர்வாயர் மூடியைச் சரியாக மூடவில்லை, அதன் பிறகு அசையவில்லை.

இப்போது அறை 32 டிகிரி இருக்கும்போது ஒரு மணி நேர ரெண்டருக்குப் பிறகு கோர் 54, ஹாட்ஸ்பாட் 66, மெமரி 82. பேக்பிளேட் மேல் 92 மி.மீ. ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டிருக்கிறேன், அதை நிறுத்தினால் மெமரி 90-க்கு ஏறுகிறது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது.

ஒரே கவலை, ரிசர்வாயரில் நீர் மட்டம் முதல் வாரத்திலேயே ஒரு விரற்கடை அளவு இறங்கிவிட்டது. பேப்பர் எங்கேயும் நனையவில்லை. மே மாத வெயிலுக்கு இந்த லூப் தாங்குமா என்றும் சொல்லுங்கள்.

பனிக்காலம்:

மட்டம் இறங்கியது கசிவு இல்லை, ரேடியேட்டர் மூலைகளில் ஒளிந்திருந்த காற்றுக் குமிழ்கள் மெதுவாக மேலே வந்து, அந்த இடத்துக்கு நீர் போயிருக்கிறது. கேஸை இப்படியும் அப்படியும் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், இன்னும் சில குமிழ் வரும். அணைத்துவிட்டு மேலே நிரப்புங்கள். இரண்டாம் மாதத்துக்குப் பிறகும் இதே வேகத்தில் குறைந்தால் மட்டும் தேட வேண்டும்.

செம்புத்தகடு:

எண்கள் நன்றாக இருக்கின்றன. கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 12 டிகிரிதான் வித்தியாசம், அதனால் பிளாக் சமமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிற்காலத்தில் அது 20, 25 என்று விரிந்தால் பேஸ்ட் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது, மறுபடி தடவ வேண்டும்.

மே மாதம் பற்றி: லூப்பில் ஓடும் நீர் அறை வெப்பத்தை விடக் குறையவே குறையாது, அறை 6 டிகிரி ஏறினால் எல்லா எண்ணும் ஏறத்தாழ 6 ஏறும். கோர் 60, மெமரி 88 என்று வைத்துக்கொள்ளுங்கள், கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை. பார்க்க வேண்டியது நீரின் சூடு, டி5 பம்ப்புக்கு 60 டிகிரிதான் மேல் எல்லை. லூப்பில் காலியாக உள்ள ஒரு துளையில் சாதாரணப் பிளக்குக்குப் பதில் டெம்பரேச்சர் சென்சார் பிளக் ஒன்றைப் போட்டால் அது எப்போதும் கண்ணில் படும். பிளாக்கின் எடை கூடியிருப்பதால் கார்டு முன்பக்கம் தொங்குகிறதா என்றும் பாருங்கள், தொங்கினால் அடியில் ஒரு தாங்கி வையுங்கள்.